வண்டிச் சாவி ஓர் அமானிதம்: வாகனக் காப்பீட்டின் வரலாறும் நம் வாலிபப் பிள்ளைகளும்



வானூர் வட்டத்தில் வாழும் நமக்கு நெடுஞ்சாலை வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருக்கிறது. மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி வந்து, கோட்டக்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்குள் நுழையும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒருபுறம். மொரட்டாண்டி வழியாகச் செல்லும் திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலை மறுபுறம். உப்பு மூட்டை ஏற்றிய லாரியும், விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வரும் காரும், கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளையின் இருசக்கர வாகனமும் இச்சாலைகளைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை மடித்த கடிதம் ஒன்றை நம்மிடம் நீட்டினார். அவருடைய மகனுக்கு வயது பதினேழு. அஸருக்குப் பின் கடைக்குப் போய்வருவதாகச் சொல்லி அத்தாவின் வண்டியை எடுத்துச் சென்றவன், சாலையோரம் நடந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் மீது மோதிவிட்டான். பையனுக்குச் சிராய்ப்பு, முதியவருக்குத் தொடை எலும்பு முறிவு. கடிதம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்திருந்தது. அதில் இரண்டு செய்திகள் இருந்தன. விபத்து நாளில் வண்டியை ஓட்டியவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லாததால் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்பது ஒன்று. காயமடைந்தவருக்குத் தாங்கள் இழப்பீடு வழங்க நேர்ந்தால், அத்தொகையை வண்டியின் உரிமையாளரிடமிருந்து வசூலிப்போம் என்பது மற்றொன்று.

“வண்டி வாங்கும்போதே ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன். வாங்கும்போது வாங்கிக்கொண்டு, கேட்கும்போது கைவிரித்தால் இது என்ன நியாயம்?” என்று அவர் கேட்டார்.

ஒரு வரியில் பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. அந்தக் கேள்விக்கான விடை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாற்றில் பரவிக் கிடக்கிறது. அதன் ஒரு நுனி, நம் மார்க்கச் சட்டம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் பேசிய ஒரு பொறுப்பைத் தொடுகிறது. அவ்வரலாற்றை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் அளவில் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இக்காப்பீடு யாருக்காக வந்தது?

மோட்டார் வண்டி சாலைக்கு வந்த தொடக்க காலத்தில் காப்பீடு என்பது வண்டிக்காரரின் விருப்பம். வசதி படைத்தவர் தம் வண்டிக்குக் காப்பீடு செய்துகொண்டார், மற்றவர் செய்துகொள்ளவில்லை. வண்டி மோதி ஒருவர் இறந்தால், அவருடைய மனைவி மக்கள் வழக்குத் தொடுத்து வெல்லலாம். ஆனால் வண்டிக்காரரிடம் பணம் இல்லையென்றால், தீர்ப்பு வெறும் காகிதமாகக் கையில் தங்கிவிடும். பிரிட்டனில் இந்த அவலம் பெருகியதன் விளைவாகவே 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

அச்சட்டத்தின் அடியொற்றி இந்தியாவில் 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய அதன் எட்டாம் அத்தியாயம் உடனே நடப்புக்கு வரவில்லை. 1946 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் கோட்டக்குப்பம் பிரிட்டிஷ் இந்தியாவின் எல்லையூர். அதைத் தாண்டினால் பிரெஞ்சு ஆட்சி. பிரான்ஸ் நாடோ வாகனக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1958-ஆம் ஆண்டில்தான். அதற்குள் புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்தின் கீழ் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். காப்பீட்டு ஒப்பந்தத்தில் முதல் தரப்பு வண்டிக்காரர். இரண்டாம் தரப்பு நிறுவனம். அடிபட்டவரே மூன்றாம் தரப்பு. சட்டம் கட்டாயப்படுத்துவது அந்த மூன்றாமவருக்கான பாதுகாப்பை மட்டுமே. நம் வண்டியின் சேதமும், வண்டியை ஓட்டிய நம் பிள்ளையின் உடல் சேதமும் இக்கட்டாயத்துக்கு வெளியே நிற்பவை. கடிதத்தோடு வந்த தந்தை ஐந்து ஆண்டுக்குக் கட்டியதாகச் சொன்ன பணமும் மூன்றாம் தரப்புக்கானதுதான். புதிய இருசக்கர வாகனத்துக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்பீடு ஐந்து ஆண்டுக்கும், சொந்தச் சேதக் காப்பீடு ஓராண்டுக்கும் சேர்த்தே விற்கப்படுகின்றன. முதலாண்டு முடிந்ததும் இரண்டாவது பகுதி ஓசையின்றி முடிந்துபோகிறது. பாலிசித் தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருப்பதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

ஆகிலா: சுற்றத்தார் சுமந்த பொறுப்பு

தவறுதலாக ஓர் உயிர் பறிபோனால் அதற்குரிய ஈடு என்ன என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் வகுத்துத் தருகிறது. இறந்தவரின் குடும்பத்துக்குத் தியத் எனும் ஈட்டுத்தொகை சேர வேண்டும். செய்தவர் அல்லாஹ்விடம் மீள்வதற்குக் கஃப்பாரா நிறைவேற்ற வேண்டும். “வேண்டுமென்று செய்யவில்லையே” என்பது பாவத்தின் அளவைக் குறைக்கலாம். பாதிக்கப்பட்டவரின் உரிமையை அழிக்காது.

இத்தொகையை ஒருவர் தனியே சுமப்பது அரிது. ஆகவே அவருடைய ஆண் உறவினர் கூட்டமான ஆகிலா அதைப் பங்கிட்டுக்கொண்டது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபின் எழுதப்பட்ட மதீனா சாசனத்தில், ஒவ்வொரு குலமும் தன் தியத்தைக் கூட்டாகச் செலுத்தும் என்ற ஏற்பாடு இடம்பெற்றது. உமர் (ரலி) அவர்கள் படைவீரர்களுக்கான திவான் பதிவேட்டை ஏற்படுத்தியபின், ஒரே பதிவேட்டில் பெயருள்ளோரே ஒருவருக்கொருவர் ஆகிலாவாயினர் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. மூன்று ஆண்டுத் தவணைகளில், ஒருவர் தலையில் மூன்று நான்கு திர்ஹத்துக்கு மேல் விழாதவாறு சுமை பிரிக்கப்பட்டது. இன்றைய பிரீமியத்தின் சாயலை இதில் காண்பது கடினமன்று.

செய்யாத குற்றத்துக்குச் சுற்றத்தார் ஏன் செலுத்த வேண்டும்? ஹனஃபிச் சட்ட நூலான ஹிதாயா இதற்கு ஒரு காரணம் கூறுகிறது. ஒருவன் கவனக்குறைவாக நடப்பது தன் பின்னால் ஆள் இருக்கிறது என்ற துணிவினால். அவனைக் கண்காணித்துத் தடுக்க வேண்டியவர்கள் அக்கடமையில் தவறினார்கள். ஆகவே அவர்களும் சுமக்கிறார்கள். பருவம் எய்தாத சிறுவன் வேண்டுமென்றே செய்த செயலும் தவறுதலாகவே கொள்ளப்பட்டு, அதன் தியத் ஆகிலாவின் மீதே சேரும் என்பதும் ஹனஃபிச் சட்டம்.

பதினேழு வயது மகன் வண்டியை எடுத்துக்கொண்டு போன வீட்டில் இந்த வரிகளை வாசிக்கும்போது, அவை எந்தக் காலத்திலோ எழுதப்பட்டவையாகத் தோன்றுவதில்லை.

மறுப்பின் வரலாறு

1939-ஆம் ஆண்டின் சட்டமே காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சில தற்காப்புகளை அளித்திருந்தது. அவற்றுள் முதன்மையானது, உரிமம் இல்லாதவர் வண்டியை ஓட்டினார் என்பது. நிறுவனங்கள் வேறு பல காரணங்களையும் கிளப்பத் தொடங்கின. சட்டத்தில் எண்ணிச் சொல்லப்பட்ட தற்காப்புகளுக்கு அப்பால் நிறுவனம் எதையும் எழுப்ப இயலாது என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. அதற்குச் சற்று முன்னர், 1956-இல் வந்த திருத்தம், விபத்து வழக்குகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிவகுத்தது. இன்று நம் மாவட்ட நீதிமன்றங்களில் நடைபெறும் விபத்து இழப்பீட்டு வழக்குகளின் தோற்றுவாய் அதுவே.

1973 ஜனவரி 1 அன்று பொதுக் காப்பீட்டுத் தொழில் அரசுடைமையானது. 107 நிறுவனங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டன. அந்நான்கனுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் தனியார் நிறுவனங்கள் மீண்டும் நுழைந்தன. எனினும் ஓட்டுநர் உரிமம் பற்றிய வழக்குகள் எல்லாக் காலத்திலும் தொடர்ந்தே வந்தன.

1987-இல் தீர்க்கப்பட்ட ஒரு குஜராத் வழக்கு குறிப்பிடத்தக்கது. உரிமம் பெற்ற லாரி ஓட்டுநர், எஞ்சினை அணைக்காமல் எதிர்க் கடையில் தின்பண்டம் வாங்க இறங்கினார். உரிமம் இல்லாத கிளீனர் லாரியை எடுத்தார். ஓர் உயிர் போயிற்று. உரிமையாளர் தகுதியான ஓட்டுநரை நியமித்து, தம் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார். நிபந்தனையை மீறியவர் அவர் அல்லர். ஆகவே நிறுவனம் கொடுத்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. “உரிமம் இல்லை” என்ற ஒன்றைக் காட்டித் தப்பிக்க முடியாது. உரிமையாளரின் குறை என்ன என்றும் பார்க்க வேண்டும் என்ற கொள்கை இவ்வாறு ஊன்றியது.

1988-ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்கீழ் எழுந்த வழக்குகளுக்கு 2004 ஜனவரி 5 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஸ்வரண் சிங் வழக்கில் விரிவான விடை தந்தது. அதன் சாரம் நம் இளைஞர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. உரிமம் இல்லை, அல்லது போலி என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. உரிமையாளர் தெரிந்தோ கவனமின்றியோ நிபந்தனையை மீறினார் என்றும் அது காட்ட வேண்டும். எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமமும் உரிமமே; அதை வைத்திருந்தார் என்பதற்காகப் பொறுப்பைத் தட்டிக் கழிக்க இயலாது. நிபந்தனை மீறல் மெய்ப்பிக்கப்பட்டாலும், தீர்ப்பாயம் பணித்தால் நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி ஏற்பாட்டையே நீதிமன்றங்களில் ‘கொடுத்துவிட்டு வசூலித்தல்’ என்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்கு இது பெரும் அருள். வண்டிக்காரர் குடும்பத்துக்கோ, வழக்கு முடிந்தபின் தொடங்கும் கடன். மாவட்ட ஆட்சியர் வாயிலாக, நிலவரி நிலுவையை வசூலிப்பதைப் போலவே அத்தொகையை வசூலிக்கச் சட்டத்தில் வழி உண்டு. வீடோ மனையோ இருந்தால் அதன் மீது கை வைக்கலாம்.

“எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துச் சென்றுவிட்டான்” என்ற பதிலும் 2011-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. உரிமையாளரின் வீட்டுக்கு வந்த உறவினர் வீட்டுச் சிறுவன் சாவியை எடுத்து வண்டியை ஓட்டி விபத்து ஏற்படுத்தினான். அந்த விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வண்டி தவறான கைக்குப் போகாமல் காப்பது உரிமையாளரின் பொறுப்பு. ஆகவே நிறுவனம் கொடுத்த தொகையை அவரிடமிருந்து வசூலிக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. ஹிதாயா கூறிய காரணத்துக்கும் இதற்கும் இடையே நூற்றாண்டுகள் பல இருந்தாலும், கருத்தில் தூரம் அதிகமில்லை.

இளைஞருக்கு விலை அதிகமா?

வெளிநாட்டில் வாழும் நம் உறவினர்கள் சொல்வதைக் கேட்டு, இங்கும் இளைஞர் பெயரில் வண்டி இருந்தால் காப்பீடு கூடும் என்று பலர் கருதுகிறார்கள். பிரான்சில் புதிதாக உரிமம் பெற்றவருக்கு முதல் ஆண்டில் அடிப்படைப் பிரீமியத்தின் மீது 100 விழுக்காடு வரை கூடுதலாக வசூலிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. விபத்தின்றிக் கழிந்தால் அக்கூடுதல் ஆண்டுதோறும் பாதியாகக் குறையும். பிரிட்டனிலும் இளம் ஓட்டுநருக்குக் கட்டணம் மிக அதிகம். முன்பு அங்கே இளம் ஆண்களிடம் பெண்களைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். பாலினத்தை வைத்து விலை வகுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011-இல் கூறி, 2012 டிசம்பர் 21 முதல் அதை நிறுத்தியது. வயதை வைத்து வகுப்பது தொடர்கிறது. அச்சுமைக்கு அஞ்சி, மகன் நாள்தோறும் ஓட்டும் காரைத் தந்தையே முதன்மை ஓட்டுநர் என்று எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. விபத்து நேர்ந்து உண்மை வெளிப்பட்டால் கோரிக்கை மறுக்கப்படும். பொய் உரைத்து மிச்சம் பிடித்த பணம் போன வழியும் தெரியாது.

நம் நாட்டில் மூன்றாம் தரப்புப் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. அது எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது, ஓட்டுநரின் வயதைப் பொறுத்ததன்று. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அட்டவணைப்படி, 75 முதல் 150 சிசி வரையிலான இருசக்கர வாகனத்துக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 150 முதல் 350 சிசி வரை 1,366 ரூபாய். 350 சிசிக்கு மேல் 2,804 ரூபாய். கார்களில் 1,000 சிசி வரை 2,094. 1,500 சிசி வரை 3,416. அதற்கு மேல் 7,897. புதிய வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டும்போது, 150 சிசிக்கு உட்பட்டதற்கு 3,851 ரூபாயாகவும், 350 சிசிக்கு மேற்பட்டதற்கு 15,117 ரூபாயாகவும் ஆகிறது. இவற்றின் மீது வரி தனி. ஆக, நம் பிள்ளையின் வயது கூட்டாத விலையை அவன் விரும்பிக் கேட்கும் பெரிய எஞ்சின் கூட்டிவிடுகிறது.

சொந்தச் சேதக் காப்பீட்டின் விலை 2007 ஜனவரி 1 முதல் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. ஓட்டும் தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்ப விலை வைக்க 2022-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தந்தது. விபத்துக் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை தள்ளுபடி உயரும். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அத்தள்ளுபடி முழுவதும் போய்விடும்.

இங்கே இளைஞருக்குரிய உண்மையான விலை பிரீமியத்தில் தெரிவதில்லை. மறுப்புக் கடிதத்தில் தெரிகிறது.

யாருக்கும் சொல்லப்படாத விதிவிலக்குகள்

மறுப்புக்கு உரிமம் ஒன்றுதான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. உரிமம் பெற்ற பிள்ளைகளின் குடும்பங்களும் ஏமாந்து நிற்கும் இடங்கள் உண்டு.

முதலாவது, பின்னால் அமர்ந்தவர். சட்டக் கட்டாயத்துக்கான மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் இருந்தால், இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் இலவசமாக வந்தவருக்கு அது பொருந்தாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழுப் பாலிசியில்தான் அவருக்கு இடமுண்டு. நம் பிள்ளைகள் நண்பனை ஏற்றாமல் வண்டி ஓட்டும் நாள் எது?

இரண்டாவது, இரவல் வண்டி. கர்நாடகத்தில் ஒருவர் பிறருடைய மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டி, முன்னால் சென்ற மாட்டு வண்டியில் மோதி இறந்தார். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார். அவர் மூன்றாம் தரப்பு ஆகமாட்டார். ஆகவே தவறை மெய்ப்பிக்கத் தேவையில்லாத இழப்பீட்டுப் பிரிவின்கீழ் அவர் குடும்பம் அவ்வண்டியின் காப்பீட்டில் கோர இயலாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கருதியது. 2020 ஜனவரியில் மற்றொரு வழக்கிலும் அதே நிலைப்பாடு உறுதியானது. அத்தாவின் வண்டியை ஓட்டும் மகனும் இதே இடத்தில்தான் நிற்கிறான்.

மூன்றாவது, தனிநபர் விபத்துக் காப்பு. 2018-இல் இதன் தொகை 15 லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது உரிமம் பெற்ற உரிமையாளர் தாமே ஓட்டும்போது பொருந்துவது. வண்டி தந்தையின் பெயரில் இருந்து, ஓட்டியவன் மகனாக இருந்தால், தனியே சேர்த்துக்கொண்டாலன்றி அவனுக்கு அது கிட்டாது. மகன் மட்டுமே ஓட்டும் வண்டியை, அவன் 18 வயது நிரம்பி உரிமம் பெற்றபின், அவன் பெயரிலேயே வாங்குவது பல வீடுகளுக்குப் பொருத்தமானது.

கோவை மருத்துவரும் புதிய சட்டங்களும்

நம் மாநிலத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 உடன் முதலிடத்தில் இருந்தது. 17,884 பேர் இங்கே உயிரிழந்தனர்.

இத்தகைய உயிரிழப்பைக் கண்டு பொறுக்காமல் 2012-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுக்கும் இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் என்ற ஆணை 2018-இல் பிறந்து, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. முதலாண்டுக்குப் பின் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் ஓடிய வண்டிகள் மோதி, ஈடு பெற வழியின்றி நின்ற குடும்பங்களுக்கான தீர்வு அது. கடிதத்தோடு வந்த தந்தை ஐந்து ஆண்டுப் பணத்தை ஒருசேரக் கட்ட நேர்ந்ததன் காரணமும் இதுவே.

2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பெற்றோரை நேரடியாகவே நோக்கியது. சிறுவர் வாகனக் குற்றம் புரிந்தால், அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க இயன்றதெல்லாம் செய்தோம் என்று அவரே மெய்ப்பிக்க வேண்டும். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும்; அச்சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. மகனுக்கு ஆசையாகக் கொடுத்த சாவி, அவன் வேலைக்குப் போகும் வயதில் உரிமமின்றி நிற்கச் செய்துவிடும்.

பாதிக்கப்பட்டவருக்கும் அத்திருத்தம் சிலவற்றைத் தந்தது; சிலவற்றைக் குறுக்கியது. 2022 ஏப்ரல் 1 முதல், யார் மீது தவறு என்று மெய்ப்பிக்காமலேயே இறப்புக்கு 5 லட்சமும், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெற வழியுண்டு. அதே நாள் முதல், இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற கெடுவும் வந்துவிட்டது. இத்தா முடியட்டும், நாற்பதாம் நாள் கழியட்டும் என்று நம் குடும்பங்கள் காகிதத்தைத் தள்ளிப்போடுவது வழக்கம். துக்கத்தைத் தடுப்பார் இல்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவராவது அந்தத் தேதியைக் குறித்துவைக்க வேண்டும்.

மார்க்கத்தின் பார்வையில்

வணிகக் காப்பீடு பற்றிய மார்க்க விவாதம் நீண்டது. கடல் வாணிபத்தில் வழங்கிய காப்பீட்டைப் பற்றித் திமிஷ்கின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) ஆராய்ந்து, அதன் ஈட்டுத்தொகையைப் பெறுவது ஆகாது என்று எழுதினார். 1961-இல் திமிஷ்கில் கூடிய அறிஞர் அவையில் முஸ்தஃபா அஸ்ஸர்கா, ஆகிலா முறையைச் சான்றாக எடுத்துக்காட்டிக் காப்பீட்டுக்கு இசைவாக வாதிட்டார். 1985 டிசம்பரில் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாதமி, நிச்சயமின்மை மிகுந்த வணிகக் காப்பீடு கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு ஆகுமானது என்றும் தீர்மானித்தது. சூடானில் 1979-இலும், மலேசியாவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், இலங்கையில் 1999-இல் அமானா தகாஃபுல் வாயிலாகவும் அக்கூட்டுறவு முறை வடிவம் பெற்றது.

நம் நாட்டில் மூன்றாம் தரப்புக் காப்பீடு இன்றி வண்டியைச் சாலையில் இறக்கச் சட்டம் இடந்தராது. ஆகவே கட்டாயமான அளவை நிறைவேற்றுவதில் பெரும்பாலான ஆலிம்கள் தடை கூறுவதில்லை. விருப்பக் காப்பீடுகளைப் பற்றி அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஆனால் எந்தக் கருத்தைக் கொண்டவரும் மறுக்க முடியாத ஒன்று உண்டு: அடிபட்டவரின் உரிமை அடியார்களின் உரிமை, அதை அவரே மன்னித்தாலன்றி நம் தலையிலிருந்து இறங்காது. கடன்பட்டு இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்கத் தயங்கியதும், அபூ கதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்ததும் நாம் அறிந்த செய்தி. ‘கொடுத்துவிட்டு வசூலித்தல்’ என்ற தீர்ப்பும் ஒரு கடனே.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் இருக்கும் பாலிசித் தாளை இன்று எடுத்துப் பாருங்கள். இரண்டு முடிவுத் தேதிகளையும், பின்னிருக்கையருக்கு இடமுண்டா என்பதையும், தனிநபர் விபத்துக் காப்பு யாருக்கு என்பதையும் கவனியுங்கள். பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும் எல்.எல்.ஆர். எடுத்து, உடன் ஒருவர் இருந்து பழக்குங்கள். அதற்கு முன் சாவி அவன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

சொந்தச் சேதக் கோரிக்கை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தாமதமாக அறிவித்தீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக நேர்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. சில நிபந்தனை மீறல்களில் முழுவதும் மறுக்காமல், கோரிக்கையின் 75 விழுக்காடு வரை கொடுக்கலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் தக்க பதில் வராவிட்டால், மறுப்பு வந்த ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு முறைமன்ற நடுவரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் ஆணையமும் திறந்தே இருக்கிறது. ஆனால் உரிமமே இல்லாமல் ஓட்டியிருந்தால், இவ்வாயில்கள் பெரும்பாலும் பயன் தருவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கடிதத்தோடு வந்த தந்தையிடம் நாம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். வண்டிச் சேதப் பணம் கிடைக்காது என்பதை அவர் ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு, “அந்தப் பெரியவரை நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை, வழக்கு பலவீனமாகிவிடும் என்று சொன்னார்கள்” என்றார். அன்று மாலையே மகனை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றார். நாமும் உடன் போனோம். பெரியவர் கட்டிலில் சாய்ந்தபடியே பையனின் கையைப் பிடித்து, படிப்பைப் பற்றிக் கேட்டார். பையனால் பதில் சொல்ல முடியவில்லை. ஊர் ஜமாஅத்தில் சிலர் சேர்ந்து மருத்துவச் செலவின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டார்கள். எஞ்சியதைத் தந்தை மாதத் தவணையில் கொடுத்து வருகிறார். இழப்பீட்டு மனு தனியே நடக்கிறது. அது அவருடைய உரிமை.

வண்டி இப்போது வீட்டு முற்றத்தில் நிற்கிறது. சாவி அத்தாவின் அலமாரியில், குர்ஆன் வைத்திருக்கும் தட்டுக்குக் கீழ்த் தட்டில் இருக்கிறது. அடுத்த ஷஅபானில் மகனுக்கு 18 நிறைகிறது. எல்.எல்.ஆர். விண்ணப்பத்தை நிரப்ப அவன் நம்மிடம் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும், நம் பிள்ளைகளால் பிறரையும் காப்பாற்றுவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.